சிலுவையில் அறையப்பட்ட கடவுள்: ஒரு நூல் பிறந்த கதை

1943 ஜூலை. ஹாம்பர்க் நகரத்தின் நடுவே கிடக்கிற ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் நின்றார்கள். ஹிட்லரின் படைக்கு ஆள் போதாமல் போனதால் வகுப்போடு இழுத்துவரப்பட்டவர்கள். அவர்களில் ஒருவன் யூர்கன் மோல்ட்மன். வயது 17. அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் கதேயும் லெஸ்ஸிங்கும் உண்டு. ஜெபமும் வேதவாசிப்பும் வழக்கமில்லை. பையனுக்குக் கணிதத்தில் பித்து. ஐன்ஸ்டீன்தான் அவனுடைய நாயகன்.

24-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. அவை போனபின் பகலில் அமெரிக்க விமானங்கள். ஆகஸ்ட் 3 வரை நீடித்த அந்தத் தாக்குதலுக்குத் தளபதிகள் வைத்த பெயர் 'கொமோரா'. ஆதியாகமத்தில் வானத்திலிருந்து விழுந்த அக்கினியால் அழிந்த பட்டணத்தின் பெயர் அது. 27-ஆம் தேதி இரவு 700-க்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டு கொட்டின. தெருத்தெருவாகப் பற்றிய தீ ஒன்றாய்ச் சேர்ந்து, சுற்றியிருந்த காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு சூறாவளியாக எழுந்தது. தெருவில் ஓடியவர்கள் வெந்தார்கள். நிலவறைகளில் ஒளிந்தவர்கள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அந்த நாட்களில் மாண்டவர்கள் சுமார் 40,000 பேர்.

மோல்ட்மன் நின்ற பீரங்கி மேடையிலும் ஒரு குண்டு விழுந்தது. பக்கத்திலேயே நின்ற பள்ளித்தோழன் அதே இடத்தில் சிதறிப்போனான். மோல்ட்மனுக்குப் பெரிய காயம் ஏதுமில்லை. அதுவரை கடவுளைப் பற்றி அக்கறையே இல்லாதிருந்தவன் அந்த இரவில் முதல்முறையாகக் கடவுளைக் கூப்பிட்டான். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது: அவன் செத்தான், நான் பிழைத்தேன், எதற்காக? இந்த இரண்டு கேள்விகளும் அவனை விடவேயில்லை. 29 ஆண்டுகள் கழித்து, 1972-ல், அவை ஒரு ஜெர்மன் நூலாக வெளிவந்தன. நூலின் பெயர் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்'. கடந்த நூற்றாண்டில் துன்பத்தைப் பற்றிக் கிறிஸ்தவ இறையியலாளர்கள் எழுதியவற்றில் இதற்கு மேலாக இன்னொன்றை நான் வைக்க மாட்டேன்.

கடவுள் சர்வவல்லவர், கடவுள் அன்பானவர், உலகத்தில் துன்பம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒருசேர எப்படி உண்மையாக முடியும்? கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்க ஞானி எபிகூரஸ் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இது. திருச்சபை இதற்குப் பதில் தேடாமல் இருந்ததில்லை. தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, நன்மை குறைந்துபோன இடமே தீமை என்றார் அகஸ்தீன். மனிதன் தன் சுயாதீனத்தைக் கெடுத்துக்கொண்டதால் வந்த வினை என்றும் சொன்னார். 1710-ல் லைப்னிட்ஸ் எழுதிய பெரிய நூல், படைத்திருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் சிறந்ததைத்தான் கடவுள் படைத்திருக்கிறார் என்று வாதாடியது. 45 ஆண்டுகள் கழித்து, 1755 நவம்பர் 1 காலையில், சகல பரிசுத்தவான்களின் திருநாள் ஆராதனைக்கு லிஸ்பன் நகரத்துக் கோயில்களில் ஜனம் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. பின்னாலேயே கடல் ஏறியது, பிறகு ஊர் எரிந்தது. வால்டேர் 1759-ல் 'காந்தீத்' நாவலில் லைப்னிட்ஸின் அந்த நம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோன 2004-ஐப் பார்த்த நமக்கு லிஸ்பனின் அதிர்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பதில்களில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹாம்பர்கை எரித்த குண்டுகளைச் செய்தவர்களும் போட்டவர்களும் மனிதர்கள். அந்தப் போரைத் தொடங்கி வைத்ததும் மனிதர்களே. சுயாதீனத்தைப் பற்றிய வாதம் அந்த அளவுக்கு நிற்கும். ஆனால் இந்தப் பதில்கள் எல்லாமே கடவுளுக்காக வாதாடுகின்றன. செத்தவனுக்காக வாதாட அங்கே ஆளில்லை. மோல்ட்மன் கேட்ட கேள்வி வேறு திசையில் போனது. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்று அவன் கேட்கவில்லை. இது நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கேட்டான். முதல் கேள்விக்கு ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவதற்குக் கடவுளே வந்து பதில் சொல்ல வேண்டும்.

1945 பிப்ரவரியில் மோல்ட்மன் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரிடம் சரணடைந்தான். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கைதி வாழ்க்கை. முதலில் பெல்ஜியம், அடுத்து ஸ்காட்லாந்தின் கில்மார்னக், கடைசியாக இங்கிலாந்தில் நார்ட்டன் முகாம். போருக்குப் போகும்போது எடுத்துச்சென்ற கதேயின் கவிதைகள் அங்கே அவனோடு பேசவில்லை. உள்ளுக்குள் உடைந்து, பிழைக்கும் ஆசையே போய், நோயில் விழுந்து சாகிற சக கைதிகளைச் சுற்றிலும் பார்த்தான்.

கில்மார்னக் முகாமில்தான் அது நடந்தது. பெல்சன், புகன்வால்ட் வதைமுகாம்களில் எடுத்த படங்களைக் கைதிகள் பார்க்கும்படி ஒட்டி வைத்தார்கள். எலும்பும் தோலுமாகக் குவிந்து கிடந்த உடல்கள். எதிரியின் பிரச்சாரம் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பிறகு உண்மை மெல்ல இறங்கியது. இந்தக் கொலைகளுக்காகவா நாம் பீரங்கி ஓட்டினோம்? தோழனைப் பறிகொடுத்தவன், ஊர் எரிந்ததைப் பார்த்தவன் என்ற நினைப்பில் இருந்த பையனுக்கு, தான் கொலைகாரர்களின் பக்கத்தில் நின்றவன் என்பது அன்று விளங்கியது. இந்த நூலின் கதையில் ஹாம்பர்க் இரவைவிட முக்கியமான நாள் இதுவென்று எனக்குப் படுகிறது. வெறும் தன் துக்கத்திலிருந்து எழுதியிருந்தால் அது தோற்ற நாட்டின் ஒப்பாரியாக முடிந்திருக்கும். துன்பப்பட்டவர் எங்கே கடவுளைக் காண்பார் என்பதோடு, துன்பம் கொடுத்த கூட்டத்தில் இருந்தவன் எந்த முகத்தோடு கடவுள் முன் நிற்பான் என்றும் அவன் கேட்க வேண்டியதாயிற்று.

முகாமுக்கு வந்த ராணுவ ஆயர் ஒருவர் ஆளுக்கொரு பைபிள் கொடுத்தார். சிகரெட் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. மோல்ட்மன் வேண்டாவெறுப்பாகத்தான் புரட்டினான். சங்கீதம் 39 கண்ணில் பட்டது. வாயடைத்துப்போன ஒருவன் நெஞ்சு கொதித்துக் கடவுளிடம் முறையிடுகிற சங்கீதம். தன் நிலைமையை யாரோ முன்பே எழுதி வைத்தது போலிருந்தது அவனுக்கு. பிறகு மாற்கு சுவிசேஷத்தை வாசித்துக்கொண்டே போனான். பாடுகளின் வரலாற்றுக்கு வந்து, சிலுவையில் தொங்கும் இயேசு தன்னைக் கைவிட்டது ஏனென்று கடவுளைக் கேட்டு அலறும் இடத்தில் நின்றுவிட்டான். பெரிய வெள்ளிக்கிழமையில் மும்மணி நேர ஆராதனைக்கு உட்கார்ந்தவர்களுக்கு அது நான்காம் வார்த்தை. ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போய்விட்டது. பழக்கமே இல்லாத 19 வயதுக் கைதி அதைச் சொல்லுக்குச் சொல் கேட்டான். ஆல்ஸ்டர் கரையில் தான் கேட்ட கேள்வியை இங்கே கேட்பவர் இயேசு. அப்படியானால் கடவுள் கைவிட்டவர்களின் கூட்டத்தில் அவரும் ஒருவர். தன்னை முழுக்கப் புரிந்துகொள்கிற ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு அங்கே வந்தது. கிறிஸ்துவைத் தாம் தேடிப் போகவில்லை, அவர்தான் தம்மைத் தேடி வந்தார் என்று மோல்ட்மன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

வாசிப்பு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. முகாமைச் சுற்றியிருந்த ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் எதிரி நாட்டுக் கைதிகளை வீட்டு மனிதரைப் போல நடத்தின, குத்திக்காட்டவில்லை. நார்ட்டன் முகாமில் ஒய்.எம்.சி.ஏ. கைதிகளுக்கென்று இறையியல் பள்ளியே நடத்தியது. கணிதக் கனவை விட்டுவிட்டு மோல்ட்மன் அதில் சேர்ந்தார். 1947-ல் ஸ்வான்விக் என்ற இடத்தில் நடந்த மாணவர் மாநாட்டுக்கு ஜெர்மன் கைதிகளும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த ஹாலந்திலிருந்து மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். தங்கள் வீடுகளில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் பொருட்டு உங்களோடு ஒப்புரவாக வந்திருக்கிறோம் என்றார்கள். பின்னாளில் போலந்தின் மைதானெக் வதைமுகாமுக்குப் போய் நின்றபோது வெட்கத்தில் நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார்.

1948-ல் விடுதலை. கோட்டிங்கனில் படிப்பு, பிரேமன் பக்கத்துச் சிற்றூரில் ஆயர் ஊழியம், பிறகு பேராசிரியர் வேலை. 1964-ல் வந்த 'நம்பிக்கையின் இறையியல்' அவரை உலகமறிந்தவராக்கியது. உயிர்த்தெழுதலை முன்வைத்து வருங்காலத்தைப் பார்க்கச் சொன்ன நூல் அது. அந்த வெற்றியோடு நின்றிருக்கலாம். 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அந்த நூலைப் பற்றியே கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட சேதி வந்தது. கூட்டம் கலைந்தது. ஊர் ஊராகத் தீ எழுந்தது. அடுத்த முறை வரும்போது நம்பிக்கையைப் பற்றிப் பேச மாட்டேன், சிலுவையைப் பற்றித்தான் பேசுவேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் மோல்ட்மன் ஜெர்மனி திரும்பினார். கொல்லப்பட்டவர்களைத் தாண்டிக்கொண்டு போகிற நம்பிக்கை நம்பிக்கையே ஆகாது என்று அவருக்குத் தோன்றியது.

நூலுக்குப் பல ஊற்றுகள் உண்டு. கடவுளை அவருடைய மகிமையில் தேடாதே, சிலுவையில் தேடு என்று 1518-ல் ஹைடல்பர்க் நகரில் வாதாடிய மார்ட்டின் லூதர். 1944 ஜூலையில் பெர்லின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், பாடுபடுகிற கடவுளால்தான் உதவ முடியும் என்ற டீட்ரிக் போன்ஹோஃபர். அடுத்த ஏப்ரலில் அவரை நாஜிகள் தூக்கிலிட்டார்கள். ஜப்பான் குண்டுகளால் சிதைந்து கிடந்த 1946-ல் கடவுளின் வேதனையைப் பற்றி நூல் வெளியிட்ட கசோ கிடமோரி. இவர்களோடு யூத அறிஞர் ஆபிரகாம் ஹெஷல்: தீர்க்கதரிசிகளின் கடவுள் தம் மக்களின் நிலைமையால் பாதிக்கப்படுகிறவர், உணர்ச்சியற்றவரல்ல என்று காட்டியவர்.

இவை எல்லாம் மோதுவது திருச்சபையின் மிகப் பழைய ஒரு கொள்கையோடு. கடவுள் மாறாதவர், ஆகவே துன்பம் அவரைத் தீண்டாது. கிரேக்கத் தத்துவத்திலிருந்து வந்து வேரூன்றிய எண்ணம் இது. இயேசு பட்ட பாட்டையும் அவருடைய மனுஷீகத்தோடு நிறுத்தி, தெய்வீகத்தை விலக்கி வைத்தார்கள். மோல்ட்மன் இதை நேராக எதிர்க்கிறார். அன்பு செலுத்துகிறவர் காயப்படவும் தம்மைத் திறந்து வைக்கிறார். துன்பப்படவே முடியாத கடவுளால் நேசிக்கவும் முடியாது; அப்படிப்பட்டவர் மனிதனைவிட ஏழை. சிலுவையில் குமாரன் மரணத்தை அனுபவிக்கிறார், கைவிடப்பட்டவராகச் சாகிறார். பிதா தம் குமாரனின் மரணத்தை அனுபவிக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வேதனை அவருடையது. பிதாவே சிலுவையில் அறையப்பட்டார் என்று சொன்னவர்களை மூன்றாம் நூற்றாண்டுச் சபை கண்டித்து ஒதுக்கியது. மோல்ட்மன் அதைச் சொல்லவில்லை. இருவரும் படுவது வேறு வேறு வேதனை, ஆனால் ஒரே அன்பில் படுகிறார்கள், அந்த அன்பிலிருந்து ஆவியானவர் உலகத்துக்கு வருகிறார் என்கிறார். இப்படியாக, கைவிடப்படுதல் என்பது கடவுளுக்கு வெளியே நடக்கிற ஒன்றாக இல்லாமல், திரித்துவத்தின் உள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. அதனால் எந்த மனிதனும், எவ்வளவு கைவிடப்பட்டாலும், கடவுள் இல்லாத இடத்துக்குப் போய்விட முடியாது.

ஆறாம் அதிகாரத்தில், வதைமுகாமிலிருந்து பிழைத்துவந்த யூத எழுத்தாளர் எலீ வீசல் வருகிறார். ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பூனா முகாமில் மூன்று பேரைத் தூக்கிலிட்டதை அவர் 'இரவு' நூலில் எழுதியிருக்கிறார். மூவரில் ஒருவன் சிறுவன். உடல் கனமில்லாததால் அரைமணி நேரத்துக்கு மேல் உயிர் போகாமல் துடித்தான். கடவுள் எங்கே என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். அந்தத் தூக்குமரத்தில்தான் அவர் தொங்குகிறார் என்று வீசலின் உள்ளத்துக்குள் ஒரு குரல் பதில் சொல்கிறது. கிறிஸ்தவன் இதற்கு மேல் ஒரு பதில் சொன்னால் அது தேவதூஷணம் என்று மோல்ட்மன் கருதினார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வீசல் எழுதியது, யூதச் சிறுவனாகத் தாம் நம்பியிருந்த கடவுள் அன்று தமக்குள் செத்ததை. அதைக் கிறிஸ்தவச் சிலுவையின் சாட்சியாக மாற்றிக்கொள்வது, கொலைகாரர்களின் தேசத்திலிருந்து வந்த, ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு அவ்வளவு சுலபமாக வாய்க்கக்கூடிய உரிமையா? யூதரும் கிறிஸ்தவருமாகப் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். மோல்ட்மன் நல்லெண்ணத்தோடுதான் எடுத்தார். என்றாலும் அந்தச் சிறுவனின் மரணம் வீசலின் மக்களுக்கே உரியது, அதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். கைதிப் பையனாக மோல்ட்மன் மாற்கு சுவிசேஷத்தில் கேட்ட இயேசுவின் அலறலே நூலைத் தாங்கப் போதுமானது.

மற்ற எதிர்ப்புகளும் வந்தன. பிதா தம் குமாரனைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்தார் என்று பேசினால், பிள்ளையை வதைக்கிற தகப்பனைத்தானே வணங்கச் சொல்கிறீர்கள் என்று ஜெர்மன் பெண் இறையியலாளர் டொரோதே சேலே 1973-ல் சீறினார். இது நியாயமான கோபம். வீட்டில் அடிவாங்கும் பெண்களிடம் சிலுவையைச் சுமந்துகொள் என்று போதித்த ஆயர்களை நாம் அறிவோம். கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் கேட்டது இன்னும் கூர்மையானது. நான் விழுந்து கிடக்கிற அதே சேற்றில் கடவுளும் கிடந்தால் எனக்கு அதனால் என்ன பயன் என்றார் அவர்.

ரானருக்கு என்ன சொல்வது? கூடத் துன்பப்படுகிறவர் மட்டுமே போதாது, மீட்கிறவர் வேண்டும் என்பது சரி. மோல்ட்மனும் இதை மறுக்கவில்லை. சிலுவையில் தொங்கியவரைக் கடவுள் எழுப்பினார் என்ற நம்பிக்கை இல்லாமல் அவருடைய நூலில் ஒரு பக்கம்கூட நிற்காது. 1964 நூலையும் 1972 நூலையும் ஒன்றின் இரு பாதிகளாகத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் சர்வவல்லமை என்றால் என்ன என்று நாம் பேச ஆரம்பிக்கும்போது உயரத்தில் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்துகிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம். அவரை வைத்துப் பார்த்தால் எபிகூரஸ் கேள்வியின் அந்த மூன்று வாக்கியங்களும் என்றைக்கும் பொருந்தப் போவதில்லை. சிலுவையிலிருந்து ஆரம்பித்தால் வல்லமை என்பதற்கே வேறு வரையறை கிடைக்கிறது: எந்தத் துன்பத்தாலும் அன்பைக் கைவிடச் செய்ய முடியாதவர் சர்வவல்லவர். குழந்தை ஏன் செத்தது என்ற கேள்விக்கு இது விடை தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடை கிடைத்துவிட்டது என்று மோல்ட்மன் எங்கும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு வாழ வேண்டும், அது திறந்த புண்ணாகவே இருக்கும் என்றுதான் எழுதினார். சாவு வீட்டில் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற நம்முடைய வழக்கத்தைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

எழுதியவரின் கையைவிட்டு நூல் எங்கெங்கோ போனது. 1989 நவம்பர் 16 அதிகாலையில் எல் சால்வடார் ராணுவத்தினர் சான் சால்வடாரின் யூ.சி.ஏ. பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு இயேசு சபைக் குருக்களையும், சமையல் வேலை பார்த்த பெண்மணியையும் அவருடைய மகளையும் சுட்டுக் கொன்றார்கள். ஏழைகளின் பக்கம் பேசியதுதான் குருக்கள் செய்த குற்றம். ஒருவருடைய உடலைக் கொலைகாரர்கள், அவர்களோடு வாழ்ந்த இயேசு சபை இறையியலாளர் ஜோன் சோப்ரினோவின் அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். சோப்ரினோ அன்று தாய்லாந்தில் இருந்ததால் தப்பினார். அலமாரியிலிருந்து விழுந்து அந்த ரத்தத்தில் நனைந்தது ஒரு புத்தகம்: மோல்ட்மன் நூலின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. கொல்லப்பட்டவர்களின் நினைவாக அதை அங்கே கண்ணாடிப் பேழையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மோல்ட்மன் அங்கே போய் அதைப் பார்த்தார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சிறையில், கணவனைக் கொல்ல ஏற்பாடு செய்த குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண், சிறைக்குள் நடந்த இறையியல் வகுப்பில் மோல்ட்மனை வாசித்து அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் பதில் எழுதினார், கடிதங்கள் தொடர்ந்தன. 2011-ல் அந்தப் பெண் பட்டயம் பெற்ற விழாவுக்கு, 85 வயதில், மோல்ட்மன் ஜெர்மனியிலிருந்து வந்து சிறைக்குள் பேசினார். பிள்ளைகள் மன்றாடியும் கேளாமல் 2015 செப்டம்பர் 30 அன்று அரசு தண்டனையை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் குற்றவாளிகளுக்கும் ஒரே சிலுவை என்று எழுதியவர், எழுதியதன்படியே நடந்துகொண்டார்.

மோல்ட்மன் 2024 ஜூன் 3-இல் ட்யூபிங்கனில் காலமானார். வயது 98.

நூலைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கனமான நூல். முதல் அதிகாரத்திலிருந்து ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும். ஆறாம் அதிகாரத்தில் தொடங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, மாற்கு சுவிசேஷத்தின் 14, 15-ஆம் அதிகாரங்களை, பிரசங்கம் எதுவும் கலக்காமல், ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள்.